கச்சான் வறுத்த மண்

போன ஆவணியில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கிளிநொச்சியில், இரணைமடுப் பக்கம்தான் வீடு. கனடாவிலிருந்து அக்கா குடும்பமும் லண்டனிலிருந்து தம்பி குடும்பமும் ஒரே கிழமையில் வந்து இறங்கினார்கள். பதினொரு வருடத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரு கூரைக்குக் கீழே. அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது நிறைகிற நாளும் அதற்குள்ளேயே வந்தது. "சித்தி, கேக் வேண்டாம், சொக்லேட் பிரவுனி செய்து தாங்கோ" என்று வைபரில் முதலே சொல்லிவிட்டான்.

செய்து கொடுக்கலாம். ஆனால் யார் யாருக்கு எது ஆகாது என்று எழுதிப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. அக்காவின் மகனுக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஆகாது. கொஞ்சம் வாயில் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். தம்பியின் மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, றை என்று குளுட்டன் என்ற புரதம் உள்ள எதையும் தொடக்கூடாது, தொட்டால் அவளின் உடம்பே அவளின் குடலைத் தாக்கும். அத்தானுக்குப் பால் குடித்தால் வயிறு ஊதிக்கொள்ளும். அம்மா சுத்த சைவம், முட்டை போட்ட பாத்திரத்தையும் தனியாக வைக்கிற ஆள். போதாததற்கு அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது.

கச்சானை விலக்கி வைப்பது வன்னியில் லேசான காரியமா? அவர்கள் வந்த வான் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றது. நிற்காமல் எந்த வாகனம் அந்தப் பிள்ளையாரைத் தாண்டிப் போயிருக்கிறது? டிரைவர் தம்பி தேங்காய் உடைத்துவிட்டு, சுடச்சுட இரண்டு சரை கச்சானோடு வந்து ஏறி, "பிள்ளையளுக்குக் குடுங்கோ அக்கா" என்று நீட்டியிருக்கிறார். அந்தத் தம்பியில் ஒரு பிழையும் இல்லை. ஊருக்கு வந்த பிள்ளையின் கையில் நாலு கச்சான் வைப்பது எங்கள் பக்கத்து அன்பு. அக்கா பிள்ளையை இறக்கி மரத்தடியில் நிறுத்திவிட்டு, ஆசனத்தைத் துடைத்து, டிரைவரிடம் கெஞ்சிச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைத்தாள். கிருமிநீக்கி பூசினால் கச்சானின் புரதம் கையை விட்டுப் போகாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான் வேண்டும் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அவளின் கைப்பையில், ஒவ்வாமையால் மூச்சு அடைத்தால் உடனே போடுகிற அட்ரினலின் ஊசி இரண்டு எப்போதும் இருக்கும். 25 பாகைக்கு மேல் சூட்டில் அதைக் கனநேரம் வைக்கக்கூடாது, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வைக்கக்கூடாது. ஆவணி வெயிலில் அந்த ஊசிக்கு வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை எது என்று தேடினோம். கடைசியில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மாடம்தான் கிடைத்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிதுபடுத்துவதாகவே பட்டது. "உது கிரந்திதானே. கொஞ்சம் கொஞ்சமாகத் திண்டு பழகினால் உடம்பு ஏற்கும்" என்றார். எங்கள் வீடுகளில் ஒவ்வாமை என்ற சொல்லுக்குப் பாரம் இல்லை. இறால் கிரந்தி, கணவாய் கிரந்தி, அன்னாசி கிரந்தி என்று சொல்லிச் சொல்லி, கிரந்தி என்றால் சொறிந்துவிட்டுப் போகிற விடயம் என்றாகிவிட்டது. ஒரு கணத்தில் வரும் ஆபத்து அந்தச் சொல்லுக்குள் இல்லை. அம்மா சொன்னதில் ஒரு துளி உண்மையும் இருப்பதுதான் சிக்கல். ஒவ்வாமை வர வாய்ப்புள்ள கைக்குழந்தைகளுக்கு, ஒரு வயதுக்கு முன்பே வைத்தியர் பார்வையில் கச்சானைக் கொடுத்துப் பழக்கினால் பெரும்பாலும் ஒவ்வாமை வராமல் தடுக்கலாம் என்று 2015 இல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது வருமுன் தடுப்பது. வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் வைத்துப் பழக்கிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அக்கா இதைப் பொறுமையாகத்தான் சொன்னாள். அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட்டார்.

சரி, சமையலுக்கு வருகிறேன். பிரவுனியில் ஒரு வசதி இருக்கிறது. பாண் மாதிரி உப்பி எழும்பத் தேவையில்லை, அடர்த்தியாக இருக்க வேண்டும், மா குறைவாகத்தான் போகும். அதனால் குளுட்டன் இல்லாத குறை நாக்குக்குத் தெரியாது. குரக்கன் மாவும் கொஞ்சம் அரிசிமாவும் என்று முடிவெடுத்தேன். குரக்கனின் நிறம் கொக்கோவோடு அப்படியே சேர்ந்துவிடும், மண்வாசம் போல ஒரு மணமும் அதற்கு உண்டு. ஆனால் மாவை எங்கே அரைப்பது? மில்லில் எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். குளுட்டன் இல்லாத உணவு என்று விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக்கூடாது என்பது பல நாடுகளின் அளவு. அந்த மில்லின் வாயில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டுத் திரிகையைக் கழுவிக் காயவைத்து நானே அரைத்தேன்.

அரிக்கப் போனபோதுதான் அரிதட்டைப் பார்த்தேன். புட்டுக்கு அவித்த கோதுமை மாவைக் காலம் காலமாக அரித்த தட்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் மா காய்ந்து, பல்லி முட்டை போலத் திரண்டிருந்தது. தேய்த்துக் கழுவினேன், போகவில்லை. அவித்த மாதானே என்று விடவும் முடியாது, அவித்தாலும் குளுட்டன் போகாது. புதிதாக ஒன்று வாங்கினேன். அகப்பையும் மரத்தால் செய்தது என்பதால் அதையும் ஒதுக்கினேன். ஆகாத பொருளைத் தள்ளிவிட்டு இன்னொன்றைப் போடுவது பாதி வேலைதான். அந்தப் பொருள் முன்பு தொட்ட பாத்திரங்களைத் தேடிப் பிடிப்பதுதான் மற்றப் பாதி. அதை யாரும் சமையல் குறிப்பில் எழுதுவதில்லை.

முட்டைக்குப் பதிலாக முதல் தரம் கதலி வாழைப்பழம் பிசைந்து போட்டேன். இறுக்கம் நன்றாக வந்தது, ஆனால் வாசம் முழுக்க வாழைப்பழம். இரண்டாம் தரம் தோட்டத்துப் பூசினிக்காயை அவித்து மசித்தேன். அது ஒளிந்தே போனது, கேட்டாலொழிய யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். கடைசியாக நின்ற அளவு இது: குரக்கன் மா முக்கால் கப், அரிசிமா கால் கப், கொக்கோ அரைக் கப், பூசினி மசியல் ஒரு கப், தேங்காயெண்ணெய் அரைக் கப், கட்டித் தேங்காய்ப்பால் அரைக் கப், சீனி முக்கால் கப், உப்பு ஒரு சிட்டிகை, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ப்புளி ஒரு மேசைக்கரண்டி. பேக்கிங் பவுடர் போடவில்லை. சிலவற்றில் கோதுமை மாச்சத்து கலப்பார்கள், என் கையிலிருந்த டப்பாவில் எந்த மாச்சத்து என்று எழுதவில்லை. கலவையைக் குழைத்து 20 நிமிடமாவது விட்டுவிடுங்கள். குரக்கன் ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், அவசரப்பட்டால் பல்லில் மணல் போல நெறுநெறுக்கும்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. பக்கத்து பேக்கரியில் கேட்டால் போறணையில் வைத்துத் தருவார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் பாண் வேகிற இடத்தில் காற்றிலேயே கோதுமை மா பறக்கும். அப்போதுதான் அம்மா குசினி வாசலில் வந்து நின்று, "சட்டிக்குள்ள வைச்சுச் சுடுவம்" என்றார். 90களில் மின்சாரமே இல்லாத காலத்தில் அவர் எங்களுக்குக் கேக் சுட்டது அப்படித்தான். பெரிய சட்டியில் மண் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியில் சிரட்டைத் தணலைக் கொட்டி, மேலும் கீழும் சூடு.

சட்டியை எடுத்தார். மண் பரப்பினேன். அடுப்பு மூட்டி, கலவையைத் தட்டில் ஊற்றி, இறக்கப் போன நேரம் அம்மா என் கையைப் பிடித்தார்.

"பொறு பிள்ளை. உது நான் கச்சான் வறுக்கிற மண்ணல்லோ?"

எனக்குக் கைகால் உதறியது. அரிதட்டைத் தூக்கி எறிந்தவள், அகப்பையை ஒதுக்கியவள், இந்த மண்ணை நினைக்கவே இல்லை. குனிந்து பார்த்தேன். கறுத்த மண்ணுக்குள் கச்சானின் செந்தோல் ஒன்று, நகத்தின் அளவு, ஒட்டிக்கொண்டு கிடந்தது. தட்டுக்குள் விழுந்திருக்குமோ, விழாமலே போயிருக்குமோ. அதை அந்தப் பிள்ளையில் வைத்துப் பார்க்க முடியாது. ஊற்றின கலவையை அப்படியே கொட்டினேன். முதல்நாள் கிரந்தி என்று சொன்ன அதே அம்மா, அந்த வெயிலில் சந்தைக்கு நடந்து போய்ப் புதுச் சட்டியும் மூடியும் புதுத் தட்டும் வாங்கி வந்தார். தம்பி வாய்க்கால் மணலை அள்ளி, ஏழு தண்ணீரில் அலசி, பாயில் காயவைத்தான்.

பின்னேரம் ஐந்து மணிக்குச் சுட்டோம். 35 நிமிடம் கழித்து ஈர்க்கால் குத்திப் பார்த்தேன், நுனியில் ஈரமான துகள் நாலு ஒட்டிவந்தது. பிரவுனிக்கு அதுதான் பதம், சுத்தமாக வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆறவிட்டு வெட்டினேன். தம்பியின் மகள் ஒரு துண்டை எடுத்து, "மாமி, இது எல்லாருக்கும் ஒண்டேதானா? எனக்கு வேற இல்லையா?" என்று கேட்டாள். இல்லை, எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, விசேஷம் ஒன்றில் தனித்தட்டு இல்லாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தரமாம். தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

வவுனியாவிலிருந்து ஒரு வாசகி:

வாசித்ததும் என் கதையையும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நான் வீட்டிலிருந்தே கேக் ஓடர் எடுத்துச் செய்பவள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிள்ளைக்கு முட்டை ஒவ்வாமை என்று சொல்லி, முட்டை இல்லாத சொக்லேட் கேக் கேட்டார்கள். முட்டை போடாமல்தான் செய்தேன். ஆனால் துண்டு போட்ட கத்தி, அன்று காலையில் பட்டர் கேக் வெட்டிய கத்தி. துடைத்தேன், கழுவவில்லை. பிள்ளைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள், கடவுள் காப்பாற்றினார். அந்தத் தாய் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை, அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது. இப்போது அப்படியான ஓடருக்கென்று பச்சை நிறக் கைபிடி உள்ள கத்தியும் கரண்டியும் தனிப் பெட்டியில் இருக்கின்றன. வேறு எதுவும் சுடாத நாளில், காலையில் முதல் வேலையாக மட்டும் செய்வேன். கச்சான் ஒவ்வாமை என்றால் எடுப்பதில்லை. என் வீட்டில் கச்சான் அல்வா செய்கிறோம், உறுதி சொல்ல என்னால் முடியாது.

முல்லைத்தீவிலிருந்து:

என் மகளுக்கு எள்ளு ஆகாது. தட்டுக்கு எங்கள் மாமி நல்லெண்ணெய் பூசுவார், அதை யாரும் ஒரு சேர்மானமாக நினைப்பதே இல்லை. எண்ணெய் பூசுகிற கையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா, உங்கள் அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்றீர்களே, பனங்கட்டி போட்டிருந்தால் அவருக்கு நல்லதல்லவா?

*

தங்கச்சி, நானும் அப்படித்தான் நினைத்து வாங்கி வைத்தேன். ஆனால் பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனிதான், இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். மணத்துக்குப் போடலாம், மருந்து என்று நம்பி இரண்டு துண்டு சாப்பிடக்கூடாது. அம்மாவுக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு கொடுத்தேன், அன்று இரவுச் சோற்றைக் குறைத்துக்கொண்டார். எண்ணெய் விடயத்தை நான் யோசித்ததே இல்லை, குறித்துக்கொண்டேன். பூசினிக்காய் தண்ணீர் கூடியதாக இருந்தால் அவித்த பிறகு துணியில் கட்டிப் பிழியுங்கள், இல்லாவிட்டால் நடு வேகாது.

வவுனியா அக்கா, அந்தப் பச்சைக் கைபிடி யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன். புதுச் சட்டியை அம்மா கழுவிக் கவிழ்த்து, பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். போன கிழமை நான் கொண்டைக்கடலை வறுக்க அதை எடுக்கப் போனேன். "அது பிள்ளையின்ர சட்டி, வை அங்க" என்றார்.