ஆட்டோகேட் ஷார்ட்கட்: முதல் நாளே மனப்பாடமா, புரிந்த பிறகா?

புதுக்கோடு:
சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, வீட்டுப் பிளான் போடும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பயிற்சி மையத்தில் ஆட்டோகேட் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் மென்பொருள்) எல்லாமே மேலே இருக்கும் ரிப்பன் என்ற பட்டையில் ஐகானைக் கிளிக் செய்துதான் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே சீனியர் அண்ணன் ஒரு பேப்பரில் நாற்பது ஷார்ட்கட் எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் மனப்பாடம் ஆகிவிட வேண்டும், இனி ரிப்பன் பக்கம் மவுஸ் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கோட்டுக்கு எல், நகர்த்த எம், இதெல்லாம் சரி. ஆனால் சி என்றால் சர்க்கிள், சிஓ என்றால் காப்பி என்பதில் அடிக்கடி தடுமாறுகிறேன், அவசரத்தில் சி மட்டும் தட்டிவிட்டு வட்டம் வந்து நிற்கிறது. கமாண்டைப் புரிந்துகொண்டு மெதுவாக ஷார்ட்கட்டுக்குப் போவதா, அண்ணன் சொல்கிறபடி ஒரேயடியாக மனப்பாடம் செய்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மினிடிராஃப்டர்:
உங்கள் சீனியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி தம்பி. நான் 1999ல் ஆர்14 என்ற பழைய ஆட்டோகேட் வெர்ஷனில் தொடங்கியவன். 2009 வெர்ஷனில் ரிப்பன் வந்தது, 2015 வெர்ஷனில் பழைய கிளாசிக் திரையையே எடுத்துவிட்டார்கள். ஐகான் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணால் பழகியிருந்தவர்கள் அப்போது பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். எல் தட்டிக் கோடு போட்டவனுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.

ஒரு அறையைப் போட்டுப் பாருங்கள். யூனிட் ஆர்க்கிடெக்சுரலில் (அடி, இன்ச்) இருக்கட்டும். பாலிலைன் என்ற தொடர்கோட்டுக்கு பிஎல் ஸ்பேஸ், ஓர் இடத்தில் கிளிக், கோடு நேராகவே போக எஃப்8 ஆன். மவுஸை வலது பக்கம் காட்டி 12' ஸ்பேஸ், மேலே காட்டி 10' ஸ்பேஸ், இடது பக்கம் 12' ஸ்பேஸ், கடைசியில் சி ஸ்பேஸ். உள்சுவர்க் கோடு முடிந்தது. அப்புறம் இணைகோடு போடும் ஆஃப்செட்டுக்கு ஓ ஸ்பேஸ், 9 ஸ்பேஸ், கோட்டைத் தொட்டு வெளியே ஒரு கிளிக். ஒன்பது இன்ச் சுவர் நான்கு மூலையும் சேர்ந்து நிற்கும். இடது கை கீபோர்டை விட்டு எழவில்லை, வலது கை மவுஸை விடவில்லை, கண் வரைபடத்தை விட்டு நகரவில்லை. இதையே ஐகானில் செய்தால் ஒவ்வொரு தடவையும் கண் மேலே போய்த் தேடிவிட்டு வர வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை இது நடக்கிறது.

லேயர்பூஜ்யம்:
மினிடிராஃப்டர் சார், மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் உதாரணத்திலேயே பதில் இருக்கிறது. "கடைசியில் சி ஸ்பேஸ்" என்றீர்களே, அந்த சி வட்டமா? இல்லை. பாலிலைன் ஓடிக்கொண்டிருக்கும்போது சி என்றால் குளோஸ். நாற்பதை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் தலை சுற்றும். கீழே கமாண்ட் லைனில் அடுத்து என்ன கேட்கிறது என்று படிக்கப் பழகியவருக்கு ஒரு குழப்பமும் வராது, அங்கேயே குளோஸ் என்று எழுதியிருக்கும்.

நான் ஸ்ட்ரக்சுரல் அலுவலகத்தில் வெளியிலிருந்து வரும் பிளான்களைச் சரிபார்க்கிறேன். வேகமான விரல்காரர்கள் போட்ட கோப்பு எப்படி வரும் தெரியுமா? தனித்தனி லேயரில் (அடுக்கில்) இருக்க வேண்டிய சுவர், கதவு, எழுத்து எல்லாம் லேயர் 0ல். ஒரே இடத்தில் கோட்டின் மேல் கோடு, இரட்டைக் கோட்டை நீக்கும் ஓவர்கில் கமாண்ட் போட்டால் நூற்றுக்கணக்கில் கழிகிறது. டைமென்ஷனை (அளவுக் குறியீட்டை) எக்ஸ், அதாவது எக்ஸ்ப்ளோட் தட்டி உடைத்து வெறும் கோடும் எழுத்துமாக ஆக்கியிருப்பார்கள், சுவரை நகர்த்தினால் அளவு மாறாது. சில மாதம் முன்பு வந்த ஒரு பிளானில் படுக்கையறை அகலம் 11'-0" என்று எழுதியிருந்தது. சந்தேகப்பட்டு டிஐ போட்டு அளந்தேன், 10'-9". அறையைத் திருத்தாமல் டைமென்ஷன் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டிருக்கிறார் யாரோ. அந்த மூன்று இன்ச்சோடு பீம் கம்பி வெட்டியிருந்தால் யார் பதில் சொல்வது? ஈடி என்று தட்டினால் எழுத்து திறக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, டைமென்ஷன் என்றால் என்ன என்பதுதான் தெரியவில்லை.

மினிடிராஃப்டர்:
அம்மா, நீங்கள் சொல்லும் தப்பு எல்லாம் தப்புதான், ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அதை ஷார்ட்கட் தலையில் கட்டாதீர்கள். எக்ஸ்ப்ளோட் ஐகான் ரிப்பனிலும் இருக்கிறது, டைமென்ஷன் எழுத்தை டபுள் கிளிக் செய்தும் மாற்றலாம். ஐகானில் பழகியவனும் லேயர் 0லேயே போடுவான், கொஞ்சம் மெதுவாகப் போடுவான், அவ்வளவுதான். நல்ல பழக்கத்தைச் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், வேகத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மூன்று மாதம் ஐகானில் பழகிய கையைத் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எத்தனையோ பையன்களிடம் பார்த்துவிட்டேன்.

பம்ப்_டிராயிங்:
நான் மெக்கானிக்கல், கோவைப் பக்கம். எங்கள் ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய ஆட்கள் எல்லோருக்கும் கோட்டை வெட்டும் டிரிம் என்றால் டிஆர், ஸ்பேஸ், ஸ்பேஸ், அப்புறம் வெட்ட வேண்டிய கோட்டில் கிளிக். இரண்டாவது ஸ்பேஸ் எதற்கு என்று ஒருவரும் யோசித்ததில்லை. எல்லாக் கோடுகளையும் வெட்டும் எல்லையாக எடுத்துக்கொள் என்று அது சொல்கிறது. 2021 வெர்ஷன் போட்ட அன்று காலையில் டிரிம் வேலை செய்யவில்லை என்று நான்கு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். காரணம், அந்த வெர்ஷனிலிருந்து டிரிம் குவிக் மோடில் திறக்கிறது, எல்லாக் கோடும் ஏற்கெனவே எல்லைதான், அதனால் இரண்டாவது ஸ்பேஸ் கமாண்டையே முடித்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கமாண்ட் லைனைப் படித்துவிட்டு, அண்ணா, இது நேராக வெட்டச் சொல்கிறது என்றாள். அவ்வளவுதான் விஷயம். பழைய மாதிரியே வேண்டும் என்கிறவர்கள் டிரிம்எக்ஸ்டெண்ட்மோட் என்று தட்டி 0 கொடுக்கலாம்.

அதனால் நான் அக்கா பக்கம்தான். விரலுக்கு மட்டும் தெரிந்திருந்தால் வெர்ஷன் மாறும் நாளில் கை நின்றுவிடும்.

புதுக்கோடுக்கு இன்னொன்று. ஷார்ட்கட் பட்டியல் இருக்கும் பிஜிபி கோப்பைத் திறந்து சி எழுத்தைக் காப்பிக்கு மாற்றிக்கொள், குழப்பம் தீரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே. நான் அப்படி மாற்றி இரண்டு வருடம் பழகினேன். வேறு கம்பெனிக்குப் போனதும் அங்கே சி தட்டினால் வட்டம், கை திரும்பப் பல வாரம் ஆயிற்று.

மினிடிராஃப்டர்:
பிஜிபி விஷயத்தில் ஒத்துவர மாட்டேன். என் பிஜிபி கோப்பு பென்டிரைவில் எப்போதும் என்னோடு இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் போட்டுக்கொண்டு, அதை மறுபடி படிக்க வைக்கும் ரீஇனிட் கமாண்ட் கொடுத்தால் ஒரு நிமிடம். ஆனால் புதிதாக வருகிறவர் முதல் வருடம் அதைத் தொட வேண்டாம், அதை ஏற்கிறேன்.

டிரிம் கதையைப் பொறுத்தவரை, அந்த நான்கு பேரும் ஒரே நாளில் திருந்தியிருப்பார்களே? இருபது வருட வேகத்துக்கு ஒரு காலை நேரம் போனால் போகட்டும்.

மாடல்_மட்டும்:
இப்போது எல்லோரும் கட்டடத்தை 3டி மாடலாகவே போடும் ரெவிட் மென்பொருள் பக்கம் போகிறார்கள், இதற்கு இவ்வளவு சண்டையா?

லேயர்பூஜ்யம்:
ரெவிட்டிலும் சுவருக்கு டபிள்யூஏ, கதவுக்கு டிஆர். எங்களுக்கு வரும் கார்ப்பரேஷன் அப்ரூவல் பிளான்கள் இன்னமும் ஆட்டோகேடில்தான் வருகின்றன. அங்கே டிஆர் கதவு, இங்கே டிஆர் டிரிம், எனவே இரண்டிலும் வேலை செய்கிறவர் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

தம்பி புதுக்கோடு, ஒரு வேலை செய்து பாருங்கள். பத்து கமாண்ட் மட்டும் எடுங்கள். எல், பிஎல், ஓ, டிஆர், கோட்டை நீட்டும் எக்ஸ்டெண்டுக்கு ஈஎக்ஸ், எம், சிஓ, மூலையைச் சேர்க்கும் ஃபில்லெட்டுக்கு எஃப், மிரருக்கு எம்ஐ, லேயருக்கு எல்ஏ. ஷார்ட்கட்டாகவே தட்டுங்கள், அதில் சாருக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் தட்டியதும் ஒரு நொடி கீழே படித்துவிட்டு அப்புறம் கிளிக் செய்யுங்கள். தவறவிட்டால் எஃப்2 அழுத்தினால் முன்பு வந்ததும் தெரியும்.

புதுக்கோடு:
நான்கு நாள் அப்படியே செய்தேன். நேற்று சமையலறைச் சுவரின் இரண்டு கோட்டை மூலையில் சேர்க்க எஃப் தட்டினேன். கீழே ரேடியஸ் 6 என்று இருந்தது. யாரோ முன்பு ஒரு வளைவுக்குப் போட்ட அளவு அந்த டிராயிங்கிலேயே தங்கிவிட்டிருக்கிறது. படிக்காமல் கிளிக் செய்திருந்தால் மூலை வளைந்து போயிருக்கும். ஆர் கொடுத்து 0 ஆக்கினேன், கூர்மையாகச் சேர்ந்தது. இரண்டாவது கோட்டைத் தொடும்போது ஷிஃப்ட் அழுத்தியிருந்தாலே ரேடியஸை மாற்றாமல் மூலை சேரும் என்று பிறகு தெரிந்தது, அதுவும் கமாண்ட் லைனிலேயே எழுதியிருக்கிறது. அண்ணனிடம் காட்டினேன், அவரும் இப்போது ஷிஃப்ட் அழுத்துகிறார்.

பேப்பரில் இருக்கும் நாற்பதில் இருபத்தாறு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான்.

மினிடிராஃப்டர்:
மிச்சம் பதினாலையும் இன்று ராத்திரி போட்டு முடித்துவிடுங்கள் தம்பி. ஒன்றின் லேயர், நிறத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும் எம்ஏ விட்டுப் போயிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், லேயர் சரி செய்ய அதுதான் கைகொடுக்கும், அக்காவுக்கும் பிடிக்கும்.