பாய்லர் சிம்னியில 600 டிகிரி சில்வர் பெயின்ட் உரியுது, உதவி வேணுமுங்க

டையிங்_மெயின்டனன்ஸ், பெருந்துறை:
வணக்கமுங்க. விறகு பாய்லர் சிம்னிக்கு 600 டிகிரி தாங்கும்னு டப்பாவுல போட்டிருந்த சில்வர் அடிச்சோம். மூணு வாரங்கூட ஆகல, அப்பளமாட்ட எழும்பி உரியுது. வேற கம்பெனி பெயின்ட் வாங்கலாமுங்களா? ஆயுத பூசைக்குள்ள முடிக்கோணும்.

கரூர்_ஸ்ப்ரே:
உரியறது அடியிலயா, உச்சியிலயா? எத்தனை கோட்? பிரைமர், அதான் அடிப்பூச்சு, என்ன? தகடு எத்தனை டிகிரிங்க?

குறிச்சி_பேப்ரிகேஷன்:
தடிமன்தாங்க காரணம். நீங்க அடிச்ச சில்வர் சிலிக்கான் அலுமினியம் பெயின்ட். அது ஒரு கோட்டுக்கு 20-25 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), ரெண்டு கோட்டோட நிறுத்தோணும். பிரஷ்ல அப்பினா மேல்தோல் முந்திக் காயும், உள்ள மாட்டுன தின்னர் சூட்டுல கொதிச்சு கொப்புளமாயிரும்.

ஈரோடு_கலர்:
எந்தத் தின்னருங்க ஊத்துனீங்க? அலுமினியம் டப்பா அடியில களி மாதிரி படிஞ்சிரும். அடிவரைக்கும் கலக்காட்டி மேல வர்றது வெறும் பிசின்தான்.

டையிங்_மெயின்டனன்ஸ்:
மூணு கோட், பிரஷ். கீழ 10 அடிதான் உரியுது. டெம்பரேச்சர் கன்ல (தொடாம சூடு பார்க்கற கருவி) தகடு 140 டிகிரி. பிரைமர் வழக்கமா அடிக்கறதுதானுங்க.

சூடு_சேலம்:
வழக்கமா அடிக்கறதுன்னா ரெட் ஆக்சைடுதானே? முதல்லயே அதை எழுதியிருந்தா இத்தனை பேர் நேரம் மிச்சம். கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்குது தம்பி. ரெட் ஆக்சைடுல இருக்கறது எண்ணெய்ப் பிசின், 120 டிகிரி தாண்டினாலே கருக ஆரம்பிச்சிரும். மேல இருக்கற சில்வர் 600 தாங்கி என்ன பிரயோசனம்? உரிஞ்ச சில்லு ஒண்ணைத் திருப்பிப் பாருங்க. முதுகுல செம்மண்ணாட்ட பொடி ஒட்டியிருந்தா பிரைமர். நீலக்கறுப்பா, கண்ணாடியாட்ட செதில் வந்தா மில் ஸ்கேல், தகடு உருட்டறப்பவே மேல படியற ஆக்சைடு தோல். அந்த 140-ஐயும் நம்பாதீங்க. சில்வர் பரப்பு சூட்டைக் கம்மியா வீசும், கன் குறைச்சுத்தான் காட்டும். உள்ளங்கை அகலத்துக்கு மேட் கறுப்பு ஹீட் பெயின்ட் அடிச்சு, காஞ்சதும் அங்க வச்சுப் பாருங்க. மொத்தத்தையும் சுரண்டிட்டு ஜிங்க் சிலிக்கேட் பிரைமர் போடுங்க, 400 டிகிரி வரைக்கும் நிக்கும்.

கரூர்_ஸ்ப்ரே:
அண்ணா, ஜிங்க் சிலிக்கேட்டுக்கு பிளாஸ்டிங் (காத்தழுத்தத்துல மணலாட்டத் துகளை அடிச்சு தகட்டைச் சுரண்டறது) இல்லாம முடியாதுங்க. வயர் பிரஷ் பண்ணுன தகட்டுல பிடிக்காது. பிளாஸ்டிங் வசதி இல்லீன்னா பிரைமரே வேண்டாம், சிலிக்கான் சில்வரையே நேரா இரும்பு மேல அடிக்கலாம்.

சூடு_சேலம்:
ஆத்து மணலை வச்சு ஒரு நாள்ல பிளாஸ்ட் பண்ணிரலாம்.

குறிச்சி_பேப்ரிகேஷன்:
ஆத்து மணல் வேண்டவே வேண்டாமுங்க. அந்தத் தூசி நுரையீரல்ல தங்கி சிலிகோசிஸ் வரும், வந்தா தீராது. காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கறப்ப வர்ற கழிவுத் துகள்) வாங்குங்க.

சூடு_சேலம்:
மாஸ்க் போட்டாப் போதும்.

குறிச்சி_பேப்ரிகேஷன்:
துணி மாஸ்க்ல அந்தத் தூசி நிக்காதுங்க. பக்கத்துல வேலை செய்யறவங்களும் அதே காத்தைத்தான் இழுக்கறாங்க. இதுல விட்டுக்கொடுக்க முடியாதுங்க.

டையிங்_மெயின்டனன்ஸ்:
சில்லு முதுகுல செவப்புப் பொடிங்க. கறுப்புல 210 காட்டுது. பிளாஸ்டிங் இப்ப முடியாது.

கரூர்_ஸ்ப்ரே:
அப்ப இப்படிப் பண்ணுங்க. பாய்லர் நிறுத்தி தகடு கை வைக்கற சூட்டுக்கு ஆறட்டும். பிரைமரை ஒரு பொட்டு விடாம எடுக்கோணும். கிரைண்டர்ல மாட்டற கப் வயர் பிரஷ் மட்டும் போட்டா தகடு பாலிஷ் ஆயி வழுக்கும், கடைசியா 60-ம் நம்பர் பிளாப் டிஸ்க் (உப்புத்தாள் அடுக்கின வட்டு) ஓட்டி கீறல் விடுங்க. டப்பாவுல போட்டிருக்கற தின்னர்லயே துடைச்சு, அன்னைக்கே முதல் கோட் ஸ்ப்ரே. ராத்திரி விட்டா பனியில துரு பூத்துரும். மறுநாள் ரெண்டாவது கோட், அப்பறம் 24 மணி நேரம் சும்மா விடுங்க. விறகை அள்ளிப் போட்டு ஒரேடியா ஏத்தாதீங்க: தகடு 100-ல அரை மணி, பிறகு அரை மணிக்கு 50 டிகிரி, 200-ல ஒரு மணி நேரம் நிறுத்துங்க. அந்தச் சூட்டுலதான் சிலிக்கான் இறுகும். சிம்னி உச்சி அந்தச் சூட்டுக்கு வராது, இதே பெயின்ட் அங்க நகத்துல சுரண்டினா வந்துரும். அங்க மட்டும் காத்துல காயற சிலிக்கான் அக்ரிலிக் வாங்கிக்குங்க.

ஈரோடு_கலர்:
தின்னர் எதுன்னு இன்னும் சொல்லலீங்களே?

டையிங்_மெயின்டனன்ஸ் (12 நாள் கழிச்சு):
2 அடிக்கு மட்டும் சொன்னபடி பண்ணிப் பார்த்தோம், நிக்குதுங்க. மீதி பூசை லீவுல.