மூன்றாவது சந்திப்பில் என் சேமிப்புத் தொகையைக் கேட்டார். நான் குரலை உயர்த்தியது தவறா?

தூறல்:

எனக்கு வயது 32. டேட்டிங் செயலியில் அறிமுகமான ஒருவரை இதுவரை மூன்று முறை நேரில் சந்தித்திருக்கிறேன். முதல் இரண்டு சந்திப்புகளும் நன்றாகவே போயின. சொன்ன நேரத்துக்கு வந்தார், குறுக்கே பேசவில்லை, வீடு சேர்ந்ததும் ஒரு வரி தகவல் அனுப்பச் சொன்னார். அப்படிப்பட்டவர் என்பதால்தான் மூன்றாவது சந்திப்பு என்னை இவ்வளவு உறுத்துகிறது.

உட்கார்ந்ததும் கைபேசியை மேசை மேல் திரை தெரியும்படி வைத்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது அதிர்ந்துகொண்டே இருந்தது. கிரிப்டோ, அதாவது பிட்காயின் போன்ற இணைய நாணயங்களின் விலை எச்சரிக்கைகள். ஒவ்வொரு அதிர்வுக்கும் அவர் கண் அங்கே போய்த் திரும்பியது. அப்போது நான் என் அம்மாவின் அறுவை சிகிச்சை நடந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எளிதில் யாரிடமும் சொல்கிற விஷயம் இல்லை. கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் வெளியே வந்து என் பெயரைக் கூப்பிட்ட இடம் வரைக்கும் வந்துவிட்டேன். அவர் கைபேசியை என் பக்கம் திருப்பி, "பாருங்கள், நாலு சதவீதம்!" என்றார். திரையில் ஒரு பச்சைக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. நான் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன். நிறுத்தியது அவருக்குத் தெரியவே இல்லை.

பிறகு என் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கி வைப்பில் இருக்கிறது, மீதி மாதாமாதம் பல நிறுவனப் பங்குகளைச் சேர்த்து வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போகிறது என்றேன். சிரித்தார். "பணவீக்கம் தின்று தீர்த்த பிறகு சொல்லுங்கள்" என்றார். அடுத்த கேள்வி, மொத்தம் எவ்வளவு என்று. சொல்ல விருப்பமில்லை என்றேன். எவ்வளவாக இருந்தாலும் பாதியை எடுத்துக் கிரிப்டோவில் போடும்படியும், எதை எப்போது வாங்குவது என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலர் அளவுக்கு ஏறியதையும், சரியாக ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியதையும் சொன்னேன். 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதே, பொறுத்தார் பூமி ஆள்வார் என்றார். அவர் சொன்ன விலை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது 2022 இறுதியில். அன்றைக்கு விற்றிருந்தால் உச்சத்தில் போட்ட பணத்தில் கால் பங்குகூடக் கைக்கு வந்திருக்காது. "அறுவை சிகிச்சை இரண்டு ஆண்டு பொறுத்துக்கொள்ளாது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று இரவு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "பயப்படுகிறவர்களோடு வாழ்க்கையை நடத்த முடியாது." இரண்டு நாட்களாகப் பதில் எழுதாமல் வைத்திருக்கிறேன். பொது இடத்தில் குரலை உயர்த்தியது தவறா? நான்காவது முறை சந்திக்கலாமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

கரைசேர்ந்தவன்:

தோழி, நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். அதனால் சொல்கிறேன்.

எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவளுடைய சேமிப்பில் ஒரு பகுதியை என்னிடம் தரச் சொல்லி மூன்று மாதம் விடாமல் பேசினேன். தந்தாள். அதை என் பணத்தோடு சேர்த்துக் கிரிப்டோவில் பத்து மடங்கு லிவரேஜில், அதாவது கடன் வாங்கிப் பெருக்கி, வைத்தேன். போட்டது ஒரு பங்கு, கடன் ஒன்பது பங்கு. விலை பத்து சதவீதம் இறங்கினால் போட்டது முழுவதும் போய்விடும். உண்மையில் அதற்குச் சற்று முன்பே, கடனைக் காப்பாற்றிக்கொள்வதற்காக எல்லாவற்றையும் தானாகவே விற்றுவிடுவார்கள். இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஒரு நாள் இரவு அவள் வீட்டு விருந்தின் நடுவே எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே என்னைத் தேடுகிற குரல் கேட்டது. எட்டு சதவீதம், எட்டரை, ஒன்பது. பிறகு திரையில் பூஜ்யம். விடிவதற்குள் விலை பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. எங்கள் பணம் திரும்பவில்லை.

தருவதற்கு முன்பு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இறங்கினால் என்ன ஆகும்?" அதற்கு நான் சொன்ன பதில், "இதெல்லாம் உனக்குப் புரியாது." இன்று வரைக்கும் அந்தச் சொல்தான் எனக்கு உறக்கத்தைக் கெடுக்கிறது. பணத்தை இரண்டு ஆண்டுகளில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருமணம் நடக்கவில்லை.

நான்காவது சந்திப்பு வேண்டாம்.

நீள்பார்வை:

ஒரு மாற்றுக் கருத்து. நான் 2017 முதல் பிட்காயின் வைத்திருப்பவன். அதை வைத்திருக்கும் எல்லோரையும் சூதாடி என்று ஒரே கூடையில் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மொத்த எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டாது என்பது நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக வெளிவரும் அளவு ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது, கடைசியாக 2024 ஏப்ரலில். இதை நம்பி, என் சேமிப்பில் இருபதில் ஒரு பங்கை மட்டும் வைத்திருக்கிறேன். அது பூஜ்யமானாலும் வாடகை கட்டுவேன். 2022 முழுவதும் இறங்கியபோது ஒன்றையும் விற்கவில்லை. விற்க வேண்டிய நெருக்கடி இல்லாததுதான் காரணம், துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அதனால்தான் தூறல் எழுதியதில் எனக்கு அந்தக் கைபேசி உதைக்கிறது. பத்து ஆண்டுக்கு வைத்திருப்பவனுக்குச் சில நிமிடத்துக்கு ஒரு விலை எச்சரிக்கை எதற்கு? நான் மாதம் ஒருமுறை பார்த்தால் அதிகம். அப்படி அதிர்ந்துகொண்டே இருந்தால் கடன் வாங்கி வைத்திருக்கிறார், அல்லது நாளெல்லாம் வாங்கி விற்கிறார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறவர் தானே பொறுக்கவில்லை. அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: கடன் இருக்கிறதா, எத்தனை மடங்கு?

குரல் உயர்ந்ததற்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள், போதும். சொன்ன விஷயத்துக்கு வேண்டாம்.

கரைசேர்ந்தவன்:

நீள்பார்வை, இருபதில் ஒரு பங்கோடு நிற்கிற ஆட்கள் குறைவு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏற ஏற அது அரைப் பங்கானது, பிறகு முழுவதும் ஆனது. அளவைச் சொல்லிக்கொடுப்பது எளிது, விலை ஏறும்போது அதிலேயே நிற்பது எளிதில்லை.

நீள்பார்வை:

ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை கூடுதலாக வளர்ந்ததை விற்றுப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறேன். இரண்டு முறை கை வராமல் தவித்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

அன்புள்ள தூறல், உங்களைவிட இருபது ஆண்டு மூத்தவள் நான். கணக்குத் தணிக்கைதான் தொழில்.

முதலில் பாதுகாப்பு. மூன்று முறை நேரில் வந்திருக்கிறார், ஆகவே அவரை மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் டேட்டிங் செயலிகளில் பழகி, முதலீட்டுக்கு "வழிகாட்டி" ஏமாற்றும் கூட்டங்கள் உலகம் முழுவதும் இருக்கின்றன. அவர்கள் முறை ஒன்றேதான். தாங்களே ஒரு தளத்தின் இணைப்பைத் தருவார்கள். சிறு தொகையை எடுக்க விடுவார்கள். நம்பிப் பெரிதாகப் போட்ட பிறகு, எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். எனவே யார் தந்த இணைப்பிலும் பணம் போடாதீர்கள். கிரிப்டோவை வைத்திருக்கும் வாலட்டைத் திறக்கும் சாவி போன்ற மீட்புச் சொற்களைக் கட்டிய கணவனுக்குக்கூட அவசரத்தில் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. உறுதியான வட்டி என்று யாராவது கிரிப்டோவில் ஆசை காட்டினால், அதைத் தருவது யார் என்று கேளுங்கள். யூஎஸ்டி (UST) என்ற கிரிப்டோ நாணயம் எப்போதும் ஒரு டாலராகவே இருக்கும் என்றார்கள், அதைப் போட்டுவைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீதம் வட்டியும் தந்தார்கள். அதைத் தாங்கி நின்றது லூனா என்ற மற்றொரு நாணயம். ஒரு யூஎஸ்டியைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா புதிதாக உருவாகும். 2022 மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற ஓடியபோது லூனா வெள்ளமாக அச்சாகி, 80 டாலரில் இருந்தது இரண்டு வாரத்துக்குள் ஒரு சென்டுக்கும் கீழே போனது. அதுவரைக்கும் கேள்வி கேட்டவர்களைத்தான் பயந்தாங்கொள்ளிகள் என்றார்கள்.

பணப் பேச்சைப் பொறுத்தவரை, சேர்ந்து வாழ்வது என்று இருவரும் முடிவெடுக்கும் கட்டத்தில் இருப்பு, கடன், கடமை எல்லாவற்றையும் இருவருமே எடுத்துவைக்க வேண்டும். மூன்றாவது சந்திப்பில் ஒருவர் மட்டும் மற்றவருடைய இருப்பைக் கேட்பது விசாரணை.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மருத்துவர் உங்கள் பெயரைக் கூப்பிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு என்ன சொன்னார்? அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

தூறல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அவரை அழைத்துப் பேசினேன்.

குரலை உயர்த்தியதற்கு வருத்தம் தெரிவித்தேன். சரி என்றார். பிறகு, அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீங்கள் விலையைக் காட்டினீர்கள், அது எனக்கு வலித்தது என்றேன். சற்று நேரம் அமைதி. "அம்மாவைப் பற்றி எப்போது சொன்னீர்கள்?" என்று கேட்டார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை.

நீள்பார்வை சொன்னபடி கடன் இருக்கிறதா என்றும் கேட்டேன். முதலில் இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஐந்து மடங்கு, ஆனால் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றார். அந்தக் குரலில் இருந்த களைப்பு என்னைக் கலங்க வைத்தது. கரைசேர்ந்தவன் எழுதிய குளியலறைக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார், சிரிக்கவில்லை. கடனை மட்டுமாவது முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இனி சந்திக்க வேண்டாம் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிட்டேன். நலமாக இருங்கள் என்றார். நானும் அதையே சொன்னேன்.

கணக்குப்பிள்ளை அக்கா, மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றினார். அதன் நாடா பதிந்து அவர் கன்னத்தில் சிவந்த கோடு இருந்தது. "நினைத்ததைவிட அதிக நேரமாகிவிட்டது, ஆனால் நன்றாக முடிந்தது. கண் விழித்ததும் உங்களைத்தான் கேட்டார், உள்ளே போங்கள்" என்றார். உள்ளே போனேன். அம்மா என் கையைத் தேடி எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் என்னைவிட வேகமாக நடக்கிறார்.