உள்ளக உருகல்: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

அணு உலையின் நடுப்பகுதி வெப்பம் தாங்காமல் உருகிப்போவதை ஆங்கிலத்தில் 'மெல்ட்டவுன்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: உலை வெடிப்பு, கருவுருகல், உலை உருக்கம். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஜப்பானின் ஃபுக்குஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவு நிலநடுக்கம் தாக்கியதும், இயங்கிக்கொண்டிருந்த 1, 2, 3ஆம் உலைகள் தாமாகவே நின்றன. வெளி மின்சாரம் அறுந்தது; டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை வந்து அவற்றை மூழ்கடித்துவிட்டது. உலை நின்றாலும் கதிரியக்கச் சிதைவால் உள்ளே வெப்பம் பிறந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தணிக்க வழியில்லாமல் நீர் கொதித்து வற்றியது. எரிபொருள் தண்டுகள் உருகின. அவற்றின் சிர்கோனியம் உறை நீராவியோடு வினைபுரிந்ததில் ஹைட்ரஜன் உண்டாயிற்று. கட்டடங்களில் வெடித்தது அந்த ஹைட்ரஜன்தான். 'உலை வெடிப்பு' என்று எழுதினால் வாசகர் அணுகுண்டை நினைத்துக்கொள்வார்.

'கருவுருகல்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அணு இயற்பியலில் கரு என்றால் அணுக்கரு. கருப்பிளவு, கரு இணைவு என்று படித்த மாணவர், அணுக்கருவே உருகுகிறது என்று எண்ணிவிட மாட்டாரா? 'உருக்கம்' மனத்துக்குரிய சொல்லாக நிலைத்துவிட்டது; வேண்டுகோளுக்கே பொருந்தும்.

ஆகவே 'உள்ளக உருகல்' என்று வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் தண்டுகள் இருக்கும் நடுப்பகுதியே உலையின் உள்ளகம்; அதில் குழப்பமில்லை. செய்தியில் 'உள்ளகம் உருகியது' என்று வினையாகவும் எழுதலாம். உருகி வழிந்து, உலோகத்தோடும் கான்கிரீட்டோடும் கலந்து இறுகிக் கிடப்பதற்கு 'உருகெச்சம்' எனலாம். ஃபுக்குஷிமாவில் அது ஏறத்தாழ 880 டன் இருக்கும் என்பது மதிப்பீடு.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ஜப்பானியரிடம் 'ரோஷின் யோயூ' என்ற துல்லியமான சொல் முன்பே இருந்தது. உலையின் நடுப்பகுதி உருகுவது என்றுதான் அதற்குப் பொருள். ஆனால் அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் இரண்டு மாதங்கள் வெறும் 'சேதம்' என்றே சொல்லிவந்தது. உருகல் என்ற சொல்லைத் தவிர்க்கும்படி அன்றைய தலைவரே அறிவுறுத்தியிருந்தார் என்பது 2016இல்தான் வெளிவந்தது. வீடு வாசலை விட்டு ஓடிக்கொண்டிருந்த மக்களிடமிருந்து அந்தச் சொல்லை மறைத்தது பெரும் அநீதி. நம் பட்டியலில் 'உள்ளகச் சேதம்' தனிச்சொல்லாக இருக்கட்டும். உருகலுக்கு மாற்றாக அதை ஒருபோதும் தரக்கூடாது.

நின்ற உலையில் எஞ்சும் வெப்பத்துக்குச் 'சிதைவு வெப்பம்' போதுமா, வேறு வேண்டுமா? இயற்பியல் ஆசிரியர்கள் சொல்லுங்கள்.