திறப்புக் கோர்வை யாருடையது?

பூவரசு:
1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் அம்மம்மா வீட்டைப் பூட்டிக் கொண்டுபோன திறப்புக் கோர்வையை, அது கிடந்த ஓலைப்பெட்டியோடும் ஒரு செம்போடும் வரைந்து சென்ற கிழமை இங்கே இட்டேன். அந்த வீடு இன்று இல்லை. முகத்தை வரைந்திருந்தால் அவருடைய ஒரு வயது மட்டுமே தெரிந்திருக்கும். விரல்பட்டுத் தேய்ந்த திறப்பில் அவர் வாழ்ந்த காலம் முழுவதும் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

கோண்டாவிலான்:
நான் உடன்படவில்லை. ஓலைப்பெட்டியும் செம்பும் யாழ்ப்பாணத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தவை. இப்போது திருமண அழைப்பிதழிலும் அவற்றைத்தான் அச்சிடுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர்கள் மண்டையோட்டையும் மணற்கடிகாரத்தையும் வரைந்தபோது, பார்த்தவர்களுக்கு நிலையாமை என்று உடனே விளங்கியது, ஏனெனில் அவை பொதுக் குறியீடுகள். உங்கள் பதிவிலுள்ள கதையை எடுத்துவிட்டால், படத்தில் அம்மம்மா எங்கே இருக்கிறார்?

பூவரசு:
வான்கோ 1886 இல் வரைந்த பழைய சப்பாத்துகளுக்கு எந்தக் கதையும் எழுதியிருக்கவில்லை. ஆயினும் அவை ஓவியருடைய சொந்தச் சப்பாத்துகள் என்று கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாபிரோ 1968 இல் வாதிட்டார்.

கோண்டாவிலான்:
அவர் ஏன் வாதிட வேண்டியிருந்தது? அதே சப்பாத்துகளைத் தத்துவஞானி ஹைடெகர் ஒரு குடியானவப் பெண்ணுடையவை என்று எழுதியதால்தான். அவ்வளவு ஊன்றிப் பார்த்தவருக்கே படம் உரியவரைச் சொல்லவில்லை.

நல்லூர் வாசகி:
உரியவரைப் படத்துக்குள்ளேயே வைக்க வழியுண்டு. 1888 இல் தன் கதிரையை வரைந்த வான்கோ, அதன்மேல் தன் சுங்கானையும் புகையிலையையும் வைத்ததோடு நில்லாமல், பின்னாலிருந்த வெங்காயப் பெட்டியில் 'வின்சென்ட்' என்றும் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் கிளாரா பீட்டர்ஸ், தான் வரைந்த கிண்ணங்களின் பளபளப்பில் தன் முகத்தையே மிகச் சிறிதாகத் தீட்டினார். தங்கச்சி, ஒரு திறப்பில் மட்டும் சீலைத்துண்டு முடிந்திருக்கிறதே, அது என்ன?

பூவரசு:
அது குசினித் திறப்பு, அக்கா. மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், இருட்டில் தடவி அறிவதற்காக அம்மம்மா தன் பழைய சீலையைக் கிழித்துக் கட்டியது. நான்தான் அதை நிழலுக்குள் விட்டுவிட்டேன்.

கோண்டாவிலான்:
அந்த முடிச்சு ஒருவருக்கே உரியது, அதை ஏற்கிறேன். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், செம்பையும் பெட்டியையும் நீக்கிவிடுங்கள்.

பூவரசு:
செம்பை நீக்குகிறேன், அது படத்தின் அழகுக்காக நானாகச் சேர்த்தது. பெட்டியை நீக்கமாட்டேன். எல்லார் வீட்டிலும் ஓலைப்பெட்டி இருந்தது உண்மைதான், ஐயா. ஆனால் இதை இழைத்தவர் அம்மம்மா.