விச்வூட் கொட்டகையில் பழைய ஓட்டுநர் ஒருவரைச் சந்தித்தேன்

போன சனிக்கிழமை ரொறன்ரோ விச்வூட் பார்ன்ஸில், அதாவது முன்பு ஸ்ட்ரீட்கார் (தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ட்ராம் வண்டி) நிறுத்திய பழைய கொட்டகைகளில், உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். பை நிறையக் கீரையோடு வெளியே வரும்போது ஒரு முதியவர் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எதையோ தவறவிட்டுவிட்டார் போல என்று கிட்டப் போய்க் கேட்டேன். இல்லையாம், சப்பாத்து நுனியால் தொட்டுக் காட்டினார்: கொங்கிரீட்டோடு மட்டமாகக் கிடக்கிறது தண்டவாளம்.

எழுபதுகளில் இங்கிருந்துதான் அவர் ஸ்ட்ரீட்கார் எடுத்து ஓட்டியிருக்கிறார். அப்புறம் எங்கே வீட்டுக்குப் போவது, முக்கால் மணி நேரம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் அதிகம் பேசியது மணலைப் பற்றி. இலையுதிர் காலத்தில் ஈர இலை நசுங்கித் தண்டவாளம் வழுக்கும், பிரேக் போட்டாலும் வண்டி நிற்காமல் சறுக்கும், அதனால் சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டுவார்கள், அந்த மணல் துளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் கட்டிக்கொள்ளும். அதைச் சொல்லும்போது கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் உரசிக் காட்டினார், இன்னும் கையில் மணல் இருப்பது போல.

முதல் கொட்டகை 1913இல் கட்டியது, செயின்ட் கிளேர் பாதைக்காக, நகரமே நடத்திய சிவிக் ரயில்வேஸ் காலத்தில். 1921இல் நகரப் போக்குவரத்து நிறுவனமான ரீரீசீ (TTC) கைக்கு வந்தது, அந்த வருடத்தோடு மொத்தம் ஐந்து கொட்டகையாகிவிட்டது. 1978இல் வண்டிகள் இங்கிருந்து போய்விட்டன. அதன் பிறகு பல வருடம் சும்மா கிடந்த இடத்தை இடித்து முழுக்கப் பூங்காவாக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு கூட்டம், காப்பாற்ற வேண்டும் என்று இன்னொரு கூட்டம். காப்பாற்றியவர்கள் பக்கம்தான் நான். 2008இல் கலைக்கூடமும் சந்தையுமாகத் திறந்தார்கள்.

உங்களில் யாராவது போனால் குனிந்து அந்தத் தண்டவாளத்தைப் பாருங்கள். இரண்டு கம்பிக்கும் இடைவெளி 1495 மில்லிமீட்டர், வழக்கமான ரயில் பாதையைவிட 60 மில்லிமீட்டர் அகலம். வேறு ஊர் வண்டி இங்கே அப்படியே ஓடாது, சக்கரத்தை மாற்ற வேண்டும். இதையும் அவர்தான் சொன்னார்.

பிரியும்போது எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டேன். 512ஆம் எண் ஸ்ட்ரீட்கார் பிடிக்க வேண்டும் என்றார். செயின்ட் கிளேர் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன், வண்டி வந்ததும் முன்வாசலில் ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.