டக் டக் என்று நடந்த குட்டி

எங்கள் வீடு ரங்கூன் தாம்வேயில். போன மழைக்காலத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருப்பூனை நான்கு குட்டி போட்டது. மூன்று நன்றாக இருந்தன. நான்காவதுக்கு முன்னங்கால் பாதம் இரண்டும் உள்ளே மடங்கியிருந்தது. மணிக்கட்டை ஊன்றித்தான் தவழும். பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி "சௌங்லே, சௌங்லே" (பூனைக்குட்டி) என்று கொஞ்சுவார், அதே மூச்சில் இது தேறாது என்பார்.

முதலில் காட்டிய மருத்துவர் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார். மனசு கேட்கவில்லை. இரண்டாமவர் மடங்கிய பாதத்தை விரலால் மெதுவாக நீட்டிப் பார்த்தார். நீண்டது! எலும்பு சரியாக இருக்கிறது, தசைநார்தான் சுருங்கியிருக்கிறது என்றார். முன்கை எலும்பே இல்லாமல் பிறக்கிற குட்டிகளும் உண்டாம், அதற்குக் கட்டுப் போட்டு நிமிர்த்த முடியாதாம். நாமாக எதையும் கட்டுவதற்கு முன் இதைக் காட்டித் தெரிந்துகொள்வது நல்லது.

ஐஸ்கிரீம் குச்சியை நறுக்கி, பஞ்சு சுற்றி, காகித டேப் ஒட்டிக் கொடுத்தார். குட்டி வளர்கிற வேகத்தில் கட்டு இறுகிவிடும், இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒருதடவை நானே மாற்றினேன். நழுவிவிடுமோ என்று கொஞ்சம் இறுக்கிவிட்டேன். ராத்திரி பார்த்தால் விரல்கள் ஊறவைத்த கடலை மாதிரி உப்பியிருந்தன. பதறி அவிழ்த்தேன். அதுவோ என் கையை நக்குகிறது. அப்புறம் எப்போதும் விரல் நுனி வெளியே தெரியும்படிதான் கட்டினேன்.

கரண்ட் இல்லாத இரவுகளில் வெந்நீர் பாட்டிலைப் பழைய லுங்கியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன். முதல் மூன்று நான்கு வாரம் குட்டிகளால் உடம்புச் சூட்டைத் தாமாகக் காத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது வாரம் பலகைத் தரையில் டக் டக் என்று சத்தம். குச்சிக் காலோடு நடக்கிறது! இப்போது வலது கால் நேராகிவிட்டது, இடது லேசாகக் கோணல்தான்.

இதைப் படித்துவிட்டு மோல்மேனிலிருந்து ஒரு அக்கா எழுதியது:
தம்பி, எங்கள் குட்டிக்குப் பின்னங்கால் இரண்டும் தவளை மாதிரி விரிந்திருந்தது. இரண்டையும் டேப்பால் எட்டுப் போல் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். சிமெண்ட் தரை வழுக்கியதால் சாக்கு விரித்தேன். பசும்பால் கொடுத்ததுதான் நான் செய்த தப்பு, வயிற்றுப்போக்கில் பாதியாகிவிட்டது. குட்டிகளுக்கென்று விற்கிற மாவுப்பாலுக்கு மாறிய பிறகுதான் தேறியது.

அக்கா, சாக்கில் நகம் மாட்டவில்லையா?

மாட்டியது தம்பி. மறுநாளே எடுத்துவிட்டுப் பழைய பெட்ஷீட் போட்டேன். இப்போது அதை எடுக்க விடமாட்டேன் என்கிறது.